கிளாக்கரையா கட்டிய படகு வீடு

படகுக்குத் தட்டை அடியா, கூர் அடியா என்று தீர்மானிக்க முடியாமல் ஜீவராஜ் சில நாளாகச் சாப்பாட்டில் உப்பிருக்கிறதா என்றுகூடக் கவனிக்கவில்லை.

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் பெரிய கிளாக்கர். மாதக் கடைசியில் ஓய்வு. அன்றே தோட்டத்துக் குவாட்டர்ஸையும் விட வேண்டும். போக இடமில்லை. தோட்ட மண்ணில் யார் ஒரு சுவர் எழுப்பினாலும் தோட்டத்தை நடத்தும் துரை ஆளனுப்பி இடித்துவிடுவார். டவுனில் காணி விலையைக் கேட்டாலே காய்ச்சல் வரும். தொழிலாளர் லயத்து அறையொன்றில் போய் ஒண்டினால் கிளாக்கரையாவின் கௌரவம் என்னாவது? ஆகவே கொத்மலை நீர்த்தேக்கத்தில் மிதக்கும் வீடு. தண்ணீருக்கு யார் காணி உறுதிப் பத்திரம் கேட்கப்போகிறார்கள் என்பது அவருடைய மகா கண்டுபிடிப்பு. தமக்கு நீச்சல் தெரியாது என்பதை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

யூடியூபைப் பார்த்து, குவாட்டர்ஸின் பின்பக்கம் தட்டை அடியில் தொடங்கினார். பாதி முடிந்தபோது இன்னொரு வீடியோ, தட்டை அடியில் அலை இரவெல்லாம் அறையும், தூக்கம் போய்விடும் என்றது. அலையையே கண்டிராத மனிதர் அலறிப்போய்க் கூர் அடியாக மாற்றினார். கூர் அடி தரையில் நேராக நிற்குமா? ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே அடுப்பு வைத்துப் பார்த்த மனைவி ஜெயந்தினியின் மடியில் பருப்புச் சட்டி வந்து உட்கார்ந்தது.

"தண்ணியில போட்டா நேரா நிக்கும்," என்றார் ஜீவராஜ்.

"அதுவரைக்கும் நான் சாஞ்சுகிட்டே சமைக்கவாங்க?"

கடைசியில் இரட்டை அடி. இரண்டு படகை அக்கம்பக்கமாக நிறுத்தி, மேலே வீடு. அசையவே அசையாது, சொகுசென்றால் அதுதான் சொகுசு. ஏற்றிப்போக வந்த லொறிக்காரர் கந்தப்பன் அதைச் சுற்றிப் பார்த்தார், ரோட்டையும் பார்த்தார்.

"இது ரோட்டவிட அகலமுங்க. மொத வளைவத் தாண்டாது."

வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்த மேதை, ரோட்டை அளக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானால் அதைக் காட்டிலாவது விடலாம். இதை எங்கே விடுவது?

மாதம் முடிந்தது. புதுக் கிளாக்கர் சாமான்களோடு வந்திறங்க, ஜீவராஜும் ஜெயந்தினியும் வேறு வழியில்லாமல் படகில் ஏறினார்கள். ஜெயந்தினி அழுதாள். லயம் முழுக்கச் சிரித்தது.

இரண்டொரு நாளில் துரையின் ஜீப் வந்தது. அனுமதியில்லாத கட்டடம், இன்றே இடித்தாக வேண்டும் என்றார் துரை.

ஜீவராஜ் இரட்டை அடியைக் காட்டினார். "சேர், இது கட்டடமில்லைங்க. படகு."

துரை குனிந்து இரட்டை அடியைத் தட்டிப் பார்த்தார். கொழும்பு ஆபிசுக்குப் போன் போட்டார். தேயிலைத் தோட்டத்தில் படகு வைத்திருக்கக் கூடாது என்று ஒரு சட்டமிருப்பதாக அங்கே எவருக்கும் தெரியவில்லை. துரை ஜீப் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டிய லயத்துச் சனமெல்லாம் படகைச் சுற்றி நின்றது. மிச்சச் சிரிப்பையும் சிரித்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று ஜீவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்னால் நின்ற மாயாண்டி தொண்டையைச் செருமினார்.

"கிளாக்கரையா, எங்களுக்கும் ஆளுக்கொண்ணு செஞ்சு குடுங்க. மெதக்கணும்னு இல்லீங்க."