குறுக்கெழுத்தை நானே நிரப்பிக் கொடுத்தது

அன்புள்ள மருமகனுக்கு,

மாமன் எழுதுவது. நான், உன் அத்தை, அச்சு இயந்திரம் மூவரும் இங்கே திடமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். நீ அங்கே இளைத்துப்போயிருந்தால் மறைக்காமல் எழுது.

எதிர்த்தெரு பத்திரிகைக்காரன் உன்னைத் திங்கள்கிழமை முதல் ஆசிரியராக வரச் சொல்லியிருக்கிறானாம். தாராளமாகப் போ. எனக்குக் கவலையே இல்லை. பன்னிரண்டு வயதில் சைக்கிளில் தினம் ஆயிரம் வீட்டுக்குப் பேப்பர் போட்டவன் நான். முந்நூறுதான் என்பாள் உன் அம்மா; என் தங்கைக்கு எண்ண வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் இன்று நாலு மாடிக் கட்டடமும் மூன்று இயந்திரமும் இரண்டு காரும் வைத்திருக்கிறேன் என்றால் சும்மாவா?

அப்படிப்பட்டவன், நம் பத்திரிகைக்கு நீ தயார் செய்து வைத்திருந்த குறுக்கெழுத்துப் போட்டியைப் பார்த்தேன். கட்டமெல்லாம் காலி. அரைகுறை வேலையை அச்சுக்கு அனுப்பலாமா? நானே உட்கார்ந்து நிரப்பினேன். கடைசி வரிசைக்கு வார்த்தை வராததால் என் பெயரைப் போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. இதற்குப் போய் "இனிமே பத்திரிகைய நீங்களே பாத்துக்குங்க மாமா"ன்னு சாவியை மேஜையில் வீசிவிட்டுப் போய்விட்டாயே!

பார்த்துக்கொண்டேன். மறுநாள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நேரே வந்து, "யோவ், காலையில நான் போடற கட்டத்த நீ ஏன்யா போட்ட?" என்றார். சரி, வாசகர் மனம் நோகக்கூடாது என்று அடுத்த நாள் குறிப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு, 'இஷ்டம்போல் நிரப்புங்கள்' என்று வெறுங்கட்டம் போட்டேன். ஓர் அம்மாள் அத்தனை கட்டத்திலும் தன் கணவரைத் திட்டி அனுப்பினாள். அழகான கையெழுத்து. அப்படியே அச்சிட்டேன். கணவர் வந்தார், அவருடைய தம்பிகளும் வந்தார்கள், நான் பின்வாசல் வழியாக வெளியூர் அலுவலாகப் போய்விட்டேன். திரும்பி வந்து தலையங்கத்தை நானே எழுதினேன்: என் வாழ்க்கை வரலாறு. அது முதல் பக்கத்தைத் தாண்டி விளையாட்டுப் பக்கம்வரை போய்விட்டது. அச்சுக்கூட மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "முதலாளி, உள்ள நியூஸே இல்லையே" என்றான். "நான் இருக்கேனேடா!" என்றேன். விற்காமல் திரும்பி வந்த கட்டுகள் மாடிப்படிவரை அடுக்கியிருக்கின்றன. கம்பீரமாக இருக்கிறது.

ஆக, நீ இல்லாமல் ஒரு குறையும் இல்லை. உன் பேனாவில் மை வற்றாமலும் உன் வீட்டில் சிரிப்பு வற்றாமலும் நூறாண்டு வாழ வாழ்த்தும்,

உன் தாய்மாமன்,
முதலாளி, தற்சமயம் ஆசிரியரும்.

பி.கு.: 'கவலை இல்லை', 'குறை இல்லை' என்று வரும் இடங்களை அடித்துவிட்டுப் படி. கடிதத்தைக் கொடுக்க டிரைவர் மட்டும்தான் மாடியேறி வந்திருப்பான். நான் கீழே காரில் இருக்கிறேன். "அவன் இல்லாம வீட்டுக்குள்ள கால வைக்காதீங்க" என்று உன் அத்தை கதவைச் சாத்திவிட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வாடா. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதலாம் என்று காலையிலிருந்து பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. அதையும் நீயே எழுதிக் கொண்டு வா. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.