கேரவனில் ஏறுமுன் தகட்டைத் தொடவும்

வெம்பக்கோட்டை,
ஆடி கடைசி ஞாயிறு

அன்பும் கோபமும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளை அருள்பாண்டி அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் உக்கிரபாண்டி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காள் முத்துமாரியம்மாளும் கல்யாணப்பெண் யோகலட்சுமியும் இருக்கன்குடி மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கே மல்லாங்கிணற்றில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் தோட்டத்து மோட்டாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை, ஆகையால் தபால்.

பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், ஃபிரிட்ஜ், ஏசி, கூரையில் சோலார், கட்டிலுக்கடியில் பேட்டரி என்று கேரவனாக மாற்றினேன் அல்லவா? அன்று, ஊரெல்லாம் வயரிங் செய்து தலை நரைத்த நீங்கள், என் வாசலில் நின்று என்ன சொன்னீர்கள்? "மச்சான், இது கேரவன் இல்ல, சக்கரம் வச்ச சரவெடி. இது இங்கன நிக்கிற வரைக்கும் உங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். கல்யாணத்துக்கும் வர மாட்டேன்!" ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் மணமேடை ஏற மாட்டேன் என்று உங்கள் மருமகள் இப்போதே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் வண்டியை விற்கவும் மனசில்லை. ஆகவே ஆடிக் கடைசி வெள்ளிக்கு அதே கேரவனில் குடும்பத்தோடு இருக்கன்குடி போய், ஒரு பொறி பறக்காமல் திரும்பிவிட்டேன் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எப்படி என்று கேட்பீர்கள். எல்லாம் கம்பெனிப் பழக்கம்தான். மருந்து அறைக்குள் போகுமுன், உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் இறங்குவதற்காகச் செம்புத் தகட்டைத் தொடுவோமே, அதே மாதிரித் தகட்டைக் கேரவன் படியில் அடித்தேன். தொடாமல் யாரும் ஏறக்கூடாது. பருத்தி தவிர வேறு துணி ஆகாது. கம்பெனி ஷெட்டில் இருப்பதுபோல் சுவிட்சுகள் எல்லாம் வெளிப்பக்கம். படியருகே மணல் வாளி. பேட்டரியை இரும்புப் பெட்டியில் வைத்து, காற்றுகூடப் புகாமல் ரப்பர் கொடுத்து இறுக்கினேன். பொறி வெளியே வந்தால்தானே வம்பு? பட்டுச்சேலையோடு வந்து நின்ற என் தங்கை பாண்டிலட்சுமியைத் திருப்பி அனுப்பி நூல்சேலை கட்டிவரச் சொன்னேன். "ஏண்ணே, சாமி கும்பிடப் போறமா, மருந்து அடைக்கப் போறமா? ஆத்துக்குப் போற வண்டிக்கு எதுக்கு வாளியில மணலு?" என்று வழிநெடுக நொடித்துக்கொண்டே வந்தாள்.

கோயிலையொட்டிய ஆற்று மணலில் வண்டியை நிறுத்தினோம். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகத் தகட்டைத் தொட்டுவிட்டு ஏறுவதை அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு அம்மாள் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்து வந்தவர் மஞ்சள் பூசினார். இன்னொருவர் மாலையே போட்டுவிட்டார், அதற்குப் பின்னால் வரிசை. வரிசையில் நிற்கிற ஜனம் சும்மா நிற்குமா, கைக்கெட்டிய சுவிட்சை எல்லாம் தட்டிப் பார்க்கிறது. உள்ளே ஏசி நிற்கிறது, ஓடுகிறது, நிற்கிறது. இந்தக் கூத்துக்கு நடுவே குப்பென்று அழுகின முட்டை நாற்றம். விரத வண்டிக்குள் முட்டை! "எவ முட்டைய ஒளிச்சு வச்சவ? ஆத்தா கண்ணக் குத்திப்புடும்!" என்று பாண்டிலட்சுமி பையெல்லாம் கொட்டிக் கவிழ்க்கிறாள். எனக்குத்தான் உறைத்தது. கொளுத்துகிற வெயிலில் சோலார் அளவுக்கு மீறி ஏற்ற, பேட்டரி கொதித்து வாயு விடுகிறது. நான் இறுக்கிய பெட்டியோ அதை மூச்சுவிட விடவில்லை, ரப்பர் பிதுங்கிக் கசிகிறது. அதே நேரம் வெளியே ஒரு குரல்: "தகட்டுச் சாமிக்குச் சூடம் ஏத்துங்கப்பா!"

மாப்பிள்ளை, அப்போ போட்டேன் பாருங்க ஒரு சத்தம்! "எல்லாரும் தள்ளிப் போங்க! நெருப்ப அணைங்க! எவரும் சுவிட்சத் தொடாதீக!" பட்டாசு விபத்துகளைப் பார்த்துப் பழகின நம்ம பக்கத்து ஜனத்துக்கு அந்தச் சத்தத்தை விளக்கிச் சொல்லவா வேண்டும்? ஏன் எதற்கு என்று ஒருவர் கேட்கவில்லை. மொட்டை போட்டுக்கொண்டிருந்தவர் பாதித் தலையோடு ஓடினார். ஏற்றின சூடத்தின் மேல் என் மணல் வாளியைக் கவிழ்த்தேன். கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டேன். கூரையில் ஏறி, உங்கள் அக்காளின் ஜமுக்காளத்தைச் சோலார் மேல் விரித்து, சூரியனையே நிறுத்தினேன். நாற்றம் அடங்கி, பேட்டரி ஆறிய பிறகே பெட்டியைத் திறந்தேன். தகட்டில் கிடந்த மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டார்கள். "ஆத்தாவே இவர் வாயில வந்து சொல்லிருக்கா" என்றார் பாதித் தலைக்காரர். உங்கள் அக்காள் அன்று என்னைப் பார்த்த பார்வையைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

இப்போது பெட்டியிலிருந்து வண்டிக்கு வெளியே காற்றுப்போக்கி வைத்தாயிற்று, சுவிட்சுகளும் உள்ளே போயாயிற்று. பேட்டரிக்கு மூச்சு வேண்டும். வயரின் பலத்துக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது. ஒரே பிளக்கில் ஊரையே சொருகக்கூடாது. இதையெல்லாம் இனி நான் உங்களுக்குச் சொல்லித் தருவேன். வயரிங் விஷயமாக உங்கள் தயவை எதிர்பார்க்கிற நிலையில் நான் இல்லை. தோற்றவர் நீங்கள், மாலையோடு கல்யாணத்துக்கு வந்து சேருங்கள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். கிணறு ஊறட்டும், மாடு கன்று பெருகட்டும்.

இப்படிக்கு, வெற்றியுடன்,
உக்கிரபாண்டி

பி.கு.: கவரை ஒட்டுமுன் ஒரு சேதி. வெற்றி விருந்துக்காகக் கேரவனுக்குள் உங்கள் அக்காள் கிரைண்டரைப் போட, பாண்டிலட்சுமி ஏசியைப் போட, யோகலட்சுமி அயர்ன் பாக்ஸைப் போட, கேரவன் வயரை நான் வீட்டு டி.வி. பிளக்கில் சொருகியிருந்தேன். கேரவனுக்கு ஒன்றுமில்லை. ஆட்களுக்கும் ஒன்றுமில்லை. வீடுதான் போய்விட்டது. பிளக் உருகி, சுவர் கருகி, மெயினை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். அது நீங்கள் செய்த வயரிங். தம்பியைத் தவிர வேறு ஆள் கை வைக்கக்கூடாது என்கிறாள் உங்கள் அக்காள். பந்தக்கால் நடும் நாள் நெருங்குகிறது, உடனே புறப்பட்டு வாருங்கள். உங்கள் சபதத்துக்குப் பங்கம் வராது. வேலைக்குப் பின்வாசல் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நீங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கவே வேண்டாம், நாங்கள் எல்லோரும் கேரவனில்தான் குடியிருக்கிறோம். ஏறுமுன் தகட்டைத் தொடவும்.