அச்சு அசல் டெஸ்மண்ட்

விமானத்தைக் கண்டால் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள் ஒரு ரகம். ஏறிப் பறந்து, இறங்கியதும் பெட்டி வரவில்லை என்று சண்டை போடுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எரிந்தும் நொறுங்கியும் காயலான் கடைக்குப் போயும், இன்று ஒரு போல்ட்டு நட்டுகூட மிச்சமில்லாத ஏதோ ஒரு விமானத்தை, மூக்கிலிருந்து வால்வரை, முழு அளவில், மரத்தாலும் துணியாலும் தகரத்தாலும் மறுபடி செய்து நிறுத்துகிற ரகம். பறக்குமா என்று கேட்காதீர்கள். பறக்காது. அப்புறம் எதற்கு என்றும் கேட்காதீர்கள். அதைக் கேட்டுவிட்டு, பதில் முடிவதற்குள் நான் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன்.

இவர்களுக்கு அச்சு அசல்காரர்கள் என்று பெயர் வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில், எங்கள் லிங்கன்ஷயரில் முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே யுத்தகாலத்துத் தகர ஷெட்டுகள் நிறைய. எந்த ஷெட்டின் கதவைத் திறந்தாலும் உள்ளே வயசான ஆண்கள் சிலர் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்தில் ஒரே ஒரு இறக்கை இருக்கும். இன்னொரு இறக்கை எங்கே என்றால், "அதுக்கு இன்னும் ஆதாரம் கிடைக்கல" என்பார்கள்.

இந்த ரகத்தின் உச்சி மாணிக்கம் டெஸ்மண்ட் ஸ்கிரிம்ஷா. உத்தியோகத்தில் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். பீர் கடையில் நுழைந்து, கோப்பையில் நுரையை வழித்துவிட்டு மீதியை அளந்து, கடைக்காரரை அழ வைக்கிற வேலை. அப்படி முப்பது வருஷம் அளந்தவர் ஓய்வு பெற்றால் சும்மா இருப்பாரா? இருக்க விடுமா கை? மார்ல்பி லேப்விங் என்ற விமானத்தைப் பிடித்துக்கொண்டார். 1931-இல் தபால் கொண்டுபோகச் செய்தது, ஒற்றை இஞ்சின், மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. மொத்தம் மூன்றுதான் செய்தார்கள். ஒன்று கடலில் விழுந்தது, ஒன்று வைக்கோல் கொட்டகைக்குள் புகுந்தது, மூன்றாவதை உடைத்து விற்றுவிட்டார்கள். தொழிற்சாலையும் வரைபடங்களோடு எரிந்துபோனது. மிஞ்சியது ஒரே ஒரு ஃபோட்டோ. அதை டெஸ்மண்ட் ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார், சாவி கழுத்தில்.

அந்த ஒரு ஃபோட்டோவை வைத்துக்கொண்டு, செவ்வாயும் வெள்ளியும் கூடுகிற ஒன்பது பேரை மேய்த்து, ஏழு வருஷம் விமானம் கட்டினார். ஃபோட்டோவில் தெரிகிற ரிவிட் இருநூற்றுப் பதினாலு என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். விமானத்திலும் இருநூற்றுப் பதினாலு. ஃபோட்டோ கறுப்பு வெள்ளை. ஆகையால் விமானம் என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. ஆகையால் பச்சையில் எந்தப் பச்சை என்று இரண்டு குளிர்காலம் சண்டை நடந்தது. பட்டாணிப் பச்சை கட்சியைச் சேர்ந்த ஒருவர் பாசிப் பச்சை கட்சிக்காரரின் மகள் கல்யாணத்துக்கே போகவில்லை.

ஷெட்டில் "பரவாயில்ல" என்பது கெட்ட வார்த்தை. வாயில் வந்துவிட்டால், சொன்னவர் அன்றைக்கு எல்லாருடைய டீ மக்கையும் கழுவ வேண்டும். ஒருமுறை கிளைவ் பேட்லி, டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர், விமானி இருக்கைக்கு அடியில், தலைகீழாகப் படுத்தால் மட்டுமே தெரிகிற இடத்தில், ஒரு ஸ்டார் ஸ்க்ரூ போட்டுவிட்டார். டெஸ்மண்ட் தலைகீழாகப் படுத்தார்.

"என்னய்யா இது? முப்பத்தொண்ணாம் வருஷத்துல ஏது ஸ்டார் ஸ்க்ரூ?"

"அங்க போய் யாரு வாத்து பார்க்கப் போறா?" என்றார் கிளைவ். எங்கள் பக்கத்தில் பிரியமானவர்களை வாத்து என்றுதான் கூப்பிடுவோம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"நான் பார்த்துட்டேனே!"

இருக்கை கழற்றப்பட்டது. ஸ்க்ரூ மாற்றப்பட்டது. மூன்று வெள்ளிக்கிழமை போனது.

இதே கிளைவ்தான் முதல் வருஷமே இன்னொன்றும் சொன்னார். மூக்கில் சுழல்கிற காற்றாடியின் வளைவு எதிர்ப்பக்கமாக இருக்கிறது, இந்த இஞ்சினுக்கு இது பின்னால்தான் தள்ளும், ஏதோ கோளாறு. டெஸ்மண்ட் என்ன செய்தார்? "ஃபோட்டோல அப்படித்தான இருக்கு? உன்கிட்ட வேற ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. அதோடு விட்டாரா? மார்ல்பி கம்பெனிக்காரர்கள் உலகத்துக்கே எதிர்த்திசையில் சிந்தித்த மேதைகள் என்று பதினாலு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதி, பழைய விமானப் பிரியர்கள் சங்கத்தின் பத்திரிகையில் போட்டு, அதைக் கிளைவிடமே கொடுத்து அச்சுப்பிழை பார்க்கச் சொன்னார்.

இப்படியெல்லாம் கட்டினால் ஒருநாள் முடிந்துதானே ஆக வேண்டும்? முடிந்தது. அதுதான் வினை. ஜூன் மாதம் பத்தாம் தேதி நகரத்து மியூசியத்திலிருந்து லாரி வரும், லேப்விங்கை ஏற்றிக்கொண்டு போகும், ஷெட்டில் சொந்தக்காரர் உருளைக்கிழங்குப் பெட்டி அடுக்குவார் என்று தீர்மானமாகிவிட்டது. டெஸ்மண்டின் மனைவி மோரீனுக்கு மட்டும் சந்தோஷம். மடெய்ரா தீவுக்குப் போகலாம் என்று ஏழு வருஷமாக வாக்கு; இப்போது டிக்கெட்டே வாங்கியாயிற்று. டெஸ்மண்டுக்கோ ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு இனி நான் எங்கே போவேன்? மடெய்ராவில் போய் எதை அளப்பேன்? வெளியில் சொல்ல முடியுமா? விமானத்தை முடிக்கத்தானே ஏழு வருஷம் எல்லாரையும் விரட்டினார். அந்த மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். மற்ற ஒன்பது பேரும் அப்படித்தான். ஆளாளுக்கு "அப்பாடா, ஒரு வழியா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த இறக்கையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

லாரி வர ஐந்து நாள் இருக்கும்போது, கடைசி வெள்ளிக்கிழமை விருந்துக்கு எலுமிச்சை கேக்கோடு மோரீன் வந்தார். ஏழு வருஷத்தில் ஷெட்டுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. மியூசியத்துக்காரர்கள் விமானத்துக்குப் பின்னால் மாட்டுவதற்காக அந்த ஒரே ஃபோட்டோவைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி அனுப்பியிருந்தார்கள். மோரீன் அதன் முன்னால் போய் நின்றார்.

"டெஸ், இந்த ஆறு பேரும் யாரு?"

"எந்த ஆறு பேரு?"

"முன்னால வரிசையா நிக்கிறாங்களே. வீட்டுல நீ மாட்டி வச்சிருக்கிற ஃபோட்டோல இவங்க இல்லையே."

"அவனுங்களா? அந்தக் காப்பியில வெட்டிட்டேன். நந்தி மாதிரி நின்னு பதினோரு ரிவிட்டை மறைக்கிறானுங்க."

மோரீன் இன்னும் கிட்டே போனார். சந்தைத் தெருவில் முப்பத்தோரு வருஷம் துணி திருத்துகிற கடை நடத்தியவர். கேக் கத்தி கையிலேயே இருந்தது.

"அது சரி. ஏன் ஆறு பேரும் பொம்பளைங்க கோட்டு போட்டிருக்காங்க?"



"என்ன உளர்றே?"

"ஆம்பளை கோட்டுன்னா இடது பக்கத் துணி மேல வரும், பொத்தான் வலது பக்கம் இருக்கும். பொம்பளை கோட்டுக்கு அதுக்கு நேர்மாறு. இங்க பாரு, ஆறு பேருக்கும் வலதுதான் மேல. மேல் பாக்கெட்டும் வலப்பக்கம். ஒருத்தன் பொண்டாட்டி கோட்டை மாத்திப் போட்டுட்டு வந்தான்னா சரி. ஆறு பேருமா?"

"அந்தக் காலத்துல… இந்த ஊர்ல… அப்படித் தச்சிருப்பாங்க."

"ஆதாரம் இருக்கா?" என்றார் மோரீன்.

வேண்டுமென்று கேட்கவில்லை, பாவம். ஏழு வருஷம் சாப்பாட்டு மேஜையில் கேட்டுக் கேட்டு அந்த அம்மாள் வாயிலும் ஒட்டிக்கொண்ட வார்த்தை அது. டெஸ்மண்டுக்கு முகம் வெளுத்தது. கிளைவுக்கோ மெல்ல மெல்ல மலர ஆரம்பித்தது.

"கோட்டும் எதிர்ப்பக்கம்," என்றார் கிளைவ், ஒவ்வொரு சொல்லாக ருசித்து. "காத்தாடியும் எதிர்ப்பக்கம். ஏன் வாத்து, ஃபோட்டோக்காரன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருந்தான்னா?"

மோரீன் கைப்பையிலிருந்து பவுடர் கண்ணாடியை எடுத்தார். கணவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, ஃபோட்டோவுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, கண்ணாடியை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினார். டெஸ்மண்ட் பார்த்தார். கண்ணாடிக்குள் ஆறு ஆண்கள் ஆண்களின் கோட்டில் கம்பீரமாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் லேப்விங். கதவு இடப்பக்கம், புகைக்குழாய் வலப்பக்கம், காற்றாடி உலகத்தோடு ஒத்த திசையில். ஏழு வருஷமாகத் தான் தேடிய விமானத்தை அந்த மனுஷன் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். இந்தப் பக்கம் திரும்பினால், இருநூற்றுப் பதினாலு ரிவிட்டோடு, பாசிப் பச்சையில் பளபளவென்று, இடவலம் மாறிய ஒரு விமானம் நிற்கிறது. ஆறு மனுஷர்களை வெட்டி எறிந்துவிட்டு ரிவிட்டை எண்ணினால் இதுதான் நடக்கும்.

"நமக்கு மூணு பேருக்குத்தான் தெரியும்," என்று கிளைவ் குரலைத் தாழ்த்தினார். "மத்தவங்களுக்குக் காது மந்தம். வேணும்னா பரவாயில்லன்னு விட்டுடு. போய் மக்கைக் கழுவுறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், டெஸ்மண்ட் ஒரு நிமிஷம் தடுமாறத்தான் செய்தார். பதினாலு பக்கக் கட்டுரை இருக்கிறது. மியூசியத்துத் திறப்பு விழாவுக்கு மேயர் வருகிறார். மானம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் பார்த்துவிட்டாரே! பார்த்ததைப் பார்க்காததாக்க அவருக்குத் தெரியாது. பெயின்ட் டப்பா மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் இங்க வாங்கப்பா. ஒரு கெட்ட செய்தி. விமானம் தப்பு. மொத்தமும் இடவலம் மாறிப்போச்சு. தப்பு என்னுது."

 கேக்கைக் கடித்தவர் மெல்லவில்லை. பின்வரிசையிலிருந்து இறக்கைக்குத் துணி கட்டுகிற பெர்சி, எண்பத்து மூன்று வயசு, கையைத் தூக்கினார்.

"சரி பண்ண எவ்வளவு நாளாகும்?"

"கதவு, காத்தாடி, புகைக்குழாய், ஜன்னல், தபால் போடுற மூடி…" டெஸ்மண்ட் தொண்டையைச் செருமினார். "ஒரு ரெண்டு வருஷம்."

"ரெண்டா?" என்றார் பெர்சி கண்டிப்பாக. "துணியை உரிக்க வேண்டாமா? அவசரப்பட்டா வேலை கெட்டுடும். மூணு வை."

"துணியை உரிச்சா பெயின்ட்டும் போயிடுமே," என்று பட்டாணிப் பச்சைக் கட்சிக்காரர் எழுந்தார். அவர் கண்ணில் தண்ணீர். "அப்ப நிறத்தை மறுபடி முதல்லேர்ந்து பேசணும். நாலு!"

"அஞ்சு!" என்றது இன்னொரு குரல். யாரோ விசில் அடித்தார்கள். ஏலம் எட்டில் நின்றது. பெர்சி, முழங்கால் வலிக்காரர், கிளைவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாலைச் சுற்றி ஆடிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். யாரோ மறுபடி டீக்குத் தண்ணீர் வைத்தார்கள். டெஸ்மண்ட் டப்பாவிலிருந்து குதித்து, அத்தனை பேர் முன்னிலையில் மோரீனைக் கட்டிப்பிடித்து, முத்தம் கொடுத்து, "கண்ணே, நீ என் உயிரைக் காப்பாத்திட்டே!" என்றார்.

"என் மடெய்ரா?" என்றார் மோரீன்.

மியூசியத்துக்கு டெஸ்மண்டே ஃபோன் பண்ணினார். எழவு வீட்டுக் குரலில் பேசினார். "பெரிய இடிதான், மேடம். எங்க ஆளுங்க நொறுங்கிப் போயிட்டாங்க." பின்னால் கும்மாளச் சத்தம். மியூசியத்து அம்மாள், பார்க்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, இப்படியே அனுப்புங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். டெஸ்மண்ட் மார்பு நிமிர்த்தி, எட்டு வருஷத்துக்கு மறுத்துவிட்டார். உருளைக்கிழங்குக்காரர் வேறு ஷெட் பார்த்துக்கொண்டார். அடுத்த செவ்வாய் ஒன்பதரைக்குப் பூதக்கண்ணாடியோடு வந்த டெஸ்மண்ட், அந்த ஆறு பேரின் பொத்தான்களை எண்ண ஆரம்பித்தார். இருபத்து மூன்று. ஆளுக்கு நாலு என்று பார்த்தால் ஒன்று குறைகிறது. யாருடைய கோட்டில், எந்த வருஷம் அறுந்தது, ஆதாரம் எங்கே என்று இப்போது விசாரணை நடக்கிறது. மோரீன் தன் தங்கையோடு மடெய்ராவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து வந்த தபால் அட்டையில் ஒரே வரிதான்: "இனிமேல் எதையும் கிட்டப் போய்ப் பார்க்க மாட்டேன்."

சிரிக்கிறீர்கள். நல்லது. நமக்கும் இந்தப் பைத்தியங்களுக்கும் என்ன சம்பந்தம், நாமெல்லாம் வேலை உண்டு வீடு உண்டு என்று இருக்கிறவர்கள், அப்படித்தானே? இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆண் கோட்டில் இடது பக்கத் துணி மேலே வரும் என்று மோரீன் சொன்ன இடத்தில், படிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து உங்கள் சட்டையைப் பார்த்தீர்களா இல்லையா? பார்த்தவர்கள் பயப்பட வேண்டாம். ஆரம்ப நிலைதான், ஓய்வெடுத்தால் குணமாகிவிடும். பார்த்ததோடு நிற்காமல், எழுந்துபோய் பீரோவைத் திறந்து இன்னும் நாலு சட்டையை எடுத்து ஒத்துப் பார்த்தவர்கள் மட்டும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஷெட்டுக்கு வந்துவிடுங்கள். எட்டு வருஷ வேலை இருக்கிறது, ஆள் போதவில்லை.