மூணாவது மெஷின்

திருவூடல் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷா, ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்த கையோடு தன் முடிவை அறிவித்தார்.

"இனிமே இந்த வீட்ல எஸ்பிரெஸோதான். நானே போடுவேன்."

மாடியில் வாடகைக்கு இருந்த இத்தாலிக்காரர் முந்தின நாள் ஒரு சின்னக் கப்பில் கொடுத்த கெட்டிக் காபி அவரை அப்படி ஆட்டிவைத்திருந்தது. மனைவி வஜீதா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"நீங்களேவா? சரிங்க."

அந்தச் 'சரிங்க'வில் ஏதோ ஒன்று கம்மியாக இருந்தது. மரியாதையாக இருக்கலாம்.

மாலையே இருவரும் காபி மெஷின் விற்கும் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் வளவன் மூன்று மெஷின்களைக் காட்டினார்.

"இது புதுசா கத்துக்கறவங்களுக்கு சார். பட்டனைத் தட்டுனா காபி வரும். இது கொஞ்சம் பழகுனவங்களுக்கு. பாதி வேலை அது பார்க்கும், பாதி நாம. மூணாவது கைதேர்ந்தவங்களுக்கு. கொட்டை அரைக்கறது, தூளை அழுத்தறது, பாலை நுரைக்க வைக்கறது, எல்லாமே நம்ம கைலதான். சாருக்கு எது?"

பாஷா வாயைத் திறப்பதற்குள் வஜீதா முந்திக்கொண்டாள். "பட்டன் மெஷினே குடுங்க. அதுவே இவருக்கு ஜாஸ்தி. மூணாவதெல்லாம் இவர் கைக்கு அடங்காது."

"யார் கைக்கு அடங்காது?"

"உங்க கைக்குத்தான். வேணாங்க, சொன்னா கேளுங்க."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், அவள் 'வேணாம்' என்ற எதையும் பாஷா வாங்காமல் திரும்பியதில்லை.

"வளவன், மூணாவதைக் கட்டுங்க!"

ஆட்டோவில் வஜீதா வழியெல்லாம் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள். கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காபி வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, கப்புக்கு வெளியே. திங்கட்கிழமை பாலை நுரைக்க வைக்க ஆவிக் குழாயைத் திறந்தார். சுவர், காலண்டர், அவருடைய கண்ணாடி, மூன்றும் நுரைத்தன. ஊருக்கே பார்வை கொடுப்பவர், துடைக்கத் துணி தேடி அடுப்படியைத் தடவிக்கொண்டிருந்தார்.

செவ்வாயன்று சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"ஏங்க, எக்ஸ்பிரஸ்ஸுனு சொன்னீங்க. காட்பாடி பாசஞ்சர் மாதிரி நின்னு நின்னு வருது?"

"எஸ்பிரெஸோடி! நல்ல காபி மெதுவாத்தான் வரும்."

"எங்க, குடிச்சுக் காட்டுங்க."

குடித்துக் காட்டினார். கண் கலங்கியது. 'அருமை' என்று உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

இனித் தாங்காது. புதன்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டு, செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கமிருந்த ஒரு கஃபேக்குப் போனார். அதை நடத்தும் சினேகாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், எஸ்பிரெஸோ போடக் கத்துக்கணும். வீட்ல மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா மானம் போயிடும்."

"தாராளமா சார். எங்ககிட்ட ஒரு மாஸ்டர் இருக்காங்க. வெளிநாட்டுக்காரங்களே அவங்ககிட்டதான் கத்துக்கறாங்க. நாளைக்குப் பதினோரு மணி க்ளாஸுக்கு வாங்க."

மறுநாள் புதுச்சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு போனார். மெஷின் முன்னால் ஏப்ரன் கட்டிய ஒரு பெண், முதுகைக் காட்டியபடி நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தூளைத் தோள்ல இருந்து அழுத்தணும். மணிக்கட்டை மடக்காதீங்க."

குரல் நன்றாகப் பழகிய குரல். தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற குரல்.

வஜீதா திரும்பினாள். "வாங்க, வாங்க."

"நீ... இங்க...?"

"எட்டு மாசமாச்சு. நீங்க கடைக்குப் போனதும் வந்துடுவேன். முன்னாடியே சொல்லியிருந்தா, காபி போட வெளியில எதுக்குப் போகணும்னு கேட்டிருப்பீங்க."

"அப்போ அன்னிக்குக் கடைல, பட்டன் மெஷினே எனக்கு ஜாஸ்தினு..."

"மூணாவதுதான் வேணும்னு நான் கேட்டிருந்தா வாங்கியிருப்பீங்களா? வீட்லயும் ஒண்ணு வெச்சுப் பழகணும்னு ரொம்ப நாளா ஆசைங்க."

அந்த நேரம் பார்த்து சினேகா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மாஸ்டர், நேத்து சொன்னேனே, இவர்தான். பாவம், இவர் வீட்ல தெரியக்கூடாதாம்."

"நான் சொல்லமாட்டேன்," என்றாள் வஜீதா.

மிச்சமிருந்த கொஞ்சம் கௌரவத்தையும் திரட்டிக்கொண்டு, பாஷா மெஷினை நோக்கிக் கையை நீட்டினார்.

"இருங்க இருங்க. புதுசா சேர்றவங்க முதல் வாரம் மெஷினைத் தொடக்கூடாது. அதோ, கப்பெல்லாம் அங்க கெடக்கு." கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி மாஸ்டர் சொன்னாள். "வீட்ல கழுவுற மாதிரியே கழுவுங்க."