வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்

"உனக்கென்ன, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கணுமா?" என்று நாமெல்லாம் கிண்டலாகக் கேட்போம். "ஆமா, வைக்கணும்" என்று நிமிர்ந்து நின்று பதில் சொன்ன ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் ஆனையூர் தாம்பாளம் அண்ணன்தான்.

பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்தார். ரெக்சின் சுருள்களுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பித்தளைத் தாம்பாளம் எப்போதும் தொங்கும். அவருடைய நிஜப் பெயர் அவர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

சொந்தத் தம்பி புதுமனை புகுவிழாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினான். அண்ணன் போகவில்லை. "போன்ல கூப்பிட்டவன் வீட்டுல போன்லயே சாப்பிட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, தான் எதிர்பார்த்த மரியாதையை அடுத்தவருக்கும் செய்வார். தண்ணீர் லாரி டிரைவரைத் தட்டு வைத்து அழைத்தார். அன்று முதல் லாரி எங்கள் தெருவுக்குத்தான் முதலில் திரும்பியது. அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று முடிவானதும், கே.கே. நகர் டாக்டர் முன்னால் போய்த் தாம்பாளத்தை நீட்டினாரே பார்க்கணும்!

"நாளைக்குக் காலைல எனக்கு ஆப்ரேசன் டாக்டர். நீங்க குடும்பத்தோட வந்திருந்து நல்லபடியா நடத்திக் குடுக்கணும்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் பதறி ஓடி வந்தார். கூடப் போன நான் வெட்கத்தில் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தேன். இருந்தது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட மனிதர் எங்கள் வார்டின் பருவநிலைத் திட்டத்துக்குள் புகுந்த கதைதான் இது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். வீட்டு வரி இன்னும் அங்கேதான் கட்டுகிறேன்.

வெயிலைச் சமாளிக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. வந்தது என்றால், அலுவலகத்துக்கு உள்ளே, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. கூட்டம், வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு. அதிகாரிகள் வந்தார்கள், வடை வந்தது. பொதுமக்கள் சார்பில், பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்த ஒருவரை உட்கார வைத்து வடை கொடுத்தார்கள். நல்ல வேளை, ஆள் போதவில்லை என்று கூட்டத்தை ஒத்திவைத்தார்கள்.

டீக்கடையில் இதைக் கேட்ட அண்ணனுக்கு வந்ததே கோபம்!

"ஏன் தம்பி, கூப்பிடாத வீட்டுக்கு எவன் போவான்? கூப்பிடத் தெரியலேன்னா நம்மட்ட சொல்ல வேண்டியதுதானே?"

நேரே அலுவலகம் போய், ஞாயிறு சாயங்காலமாகத் தேதி வாங்கி வந்தார். கடையைப் பூட்டிவிட்டுத் தாம்பாளத்தோடு வீடு வீடாக ஏறினார். "வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வார்டு ஆபீஸ்ல வெயிலுக்கு ஒரு விசேசம். அம்புட்டுப் பேரும் வந்துரணும்."

என்ன விசேஷம் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் தட்டை வாங்கியவன் கேட்க மாட்டான், போவான். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் பட்டுப்புடவைகளும் வெள்ளை வேட்டிகளுமாகக் கூட்டம் நெரிந்தது. போராட்டமோ என்று பயந்து வார்டு இன்ஜினியர் போலீசுக்குப் போன் போட எழுந்தார். அதற்குள் ஒருவர் அவர் கழுத்தில் மாலை போட்டார். இன்னொரு அம்மா, விசேஷ வீட்டுக்குச் செய்முறை, அதாவது மொய்ச் சீர், என்று கொண்டுவந்த எவர்சில்வர் குடத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, "பிள்ளைய எங்க? எத்தனாவது பிள்ளைக்குக் காதுகுத்து?" என்று விசாரித்தார்.

குடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அணைத்துக்கொண்டே இன்ஜினியர் திரையில் படம் காட்டினார். எங்கள் பஸ் ஸ்டாப் வந்தது. பளபளவென்று இரும்பில் ஒரு 'குளிர் நிழற்குடை'. அங்கே இருக்கும் பெரிய வாகை மரத்தைக் காணோம்.

"மரத்த எங்க சார்?" என்று ஒரு குரல்.

"நிழற்குடைக்கு இடம் வேணும்ல? அதை எடுத்துருவோம்."

"அடி ஆத்தி! நிழலுக்காக நிழல வெட்டுறாங்களாம்ல!"

சிரிப்பு அடங்குவதற்குள் என் மனைவி எழுந்து நின்றாள். நாலு பேர் முன்னால் பேசாதவள்.

"சார், போன கத்திரி வெயில்ல பஸ்ஸுக்கு நிக்கையில மயங்கி விழுந்துட்டேன். ஆட்டோ வர்ற வரைக்கும் அந்த மரத்தடிலதான் என்னையக் கிடத்தியிருந்தாங்க. அது இல்லேன்னா நான் இன்னைக்கு இல்ல. வெட்டிராதீங்க சார்."

அவள் அன்று கிடந்த கிடப்பு எனக்குத்தான் தெரியும்.

"கருத்து பதிவு செய்யப்பட்டது" என்றார் இன்ஜினியர். அப்படியென்றால் சோலி முடிந்தது என்று அர்த்தம்.

அப்போதுதான் அண்ணன் தாம்பாளத்தோடு முன்னால் போனார்.

"சார், நீங்க கூப்பிட்டீங்க, நாங்க செய்முறையோட வந்துட்டோம். அடுத்து நம்ம விசேசத்துக்கு நீங்க வரணும். புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு, பஸ் ஸ்டாப்புல. குடும்பத்தோட."

இன்ஜினியர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். வாங்கிய செய்முறைக்குப் போய் நிற்காதவனை ஊர் என்ன பேசும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மடியிலிருந்த குடத்தைப் பார்த்தார். தட்டை வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை மனைவியோடு வந்தே விட்டார். அண்ணன் அவர்களை மரத்தடிக்கு விடவில்லை. "முதல்ல அங்கிட்டு" என்று, அடுத்த ஸ்டாப்பில் ஏற்கெனவே வைத்திருந்த அதே மாதிரி இரும்பு நிழற்குடைக்கு அழைத்துப் போனார். பெஞ்சில் உட்கார்ந்த இன்ஜினியரின் மனைவி, தோசைக்கல்லைத் தொட்டது போலத் துள்ளி எழுந்தார். அப்புறம்தான் வாகை மரத்தடியில் பாய் விரித்து, மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். காற்று சிலுசிலுவென்று வந்தது.

"என்னங்க, இந்த மரத்தையா வெட்டப் போறீங்க?" என்றார் அந்த அம்மா. அரசாங்கத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

திட்டம் மாறியது. நிழற்குடை, மரமே இல்லாத எதிர்ப்பக்கத்துக்குப் போனது. பெஞ்சையும் சிமென்ட்டில் போட்டார்கள். இப்போதெல்லாம் கூட்டம் ஞாயிறு சாயங்காலம்தான். அலுவலகத்திலிருந்தே ஆள் வந்து வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஜனங்களும் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், வடையும் தின்கிறார்கள்.

அண்ணன் இப்போது எங்கள் தெருவில் இல்லை. கண் பார்வை மங்கியதும் கடையை மூடிவிட்டுத் திருமங்கலத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். போன வாரம் நானும் என் மனைவியும் பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனோம். மகள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி பையிலிருந்து எங்கள் வீட்டுத் தாம்பாளத்தை எடுத்து, பூ, பழம், வெற்றிலை பாக்கு வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

கையால் தடவிப் பார்த்தார்.

"ஊருக்கே தட்டு வச்சேன் தாயி. இங்கிட்டு வந்ததுல இருந்து எனக்குன்னு எவனும் நீட்டல" என்றார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "என்ன விசேசம்?" என்று கேட்டார்.

"வாகை பூத்திருக்குண்ணே" என்றாள்.

"செத்த இருங்க, வாரேன்" என்று எழுந்து, நல்ல வேட்டி கட்டிக்கொள்ள உள்ளே போனார்.