வச்சிரமும் பிரசிடெண்டு கோலும்

ராஜபாளையத்தில் எங்கள் குணத்தை எங்கள் சம்சாரங்களைவிட நன்றாக அறிந்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அது வச்சிரம்தான். வக்கீல், டாக்டர், பஞ்சு வியாபாரி, நான் என்று நாங்கள் கூடுகிற கிளப்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கர். ஆட்டத்துக்குப் பாயிண்டு சொல்வதும் பந்தடிக்கிற கோல் உடைந்தால் ஒட்டித் தருவதும் அவர் வேலை. தச்சர்கள் தோலைக் காய்ச்சிச் செய்கிற பசைக்கு வச்சிரம் என்று பெயர். அந்த வாசனை இவரைவிட்டு ஒருநாளும் போகாததால் இவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

யுத்தம் வந்து சீமைப் பசை வருவது நின்றுபோயிற்று. வேறு யாராயிருந்தாலும் கிடைத்ததைப் பூசியிருப்பார்கள். வச்சிரமோ பொருத்தம் பார்க்க ஆரம்பித்தார். அதுவும் ஆடுகிறவருக்கும் பசைக்கும்!

"மரம் என்னய்யா செய்யும்? புடிக்கிற கை எப்படின்னுல்லா பாக்கணும்" என்பார். கை வேர்க்கிறவருக்குப் பிசின் ஆகாது, இளகிவிடும். கோபக்காரருக்கு அரக்கு ஆகாது, ஓங்கி ஊன்றினால் தெறித்துவிடும். ஆகவே கோலை ஒட்டக் கொடுத்தால் முதலில் விசாரணை.

நான் அப்போது மில்லில் நெசவு மாஸ்டர். என் கோல் முறிந்தபோது, "வீட்டுல கோவம் வந்தா சோத்துத் தட்ட எறிவியளா, சும்மா தள்ளி வப்பியளா?" என்று கேட்டார். தள்ளி வைப்பேன் என்றேன். மனுஷர் நம்பவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு என் வீட்டுக்கே வந்து, வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கென்று ரசத்தில் உப்பே இல்லை. உப்புப் போட வேண்டாமென்று என் சம்சாரத்திடம் சொல்லிவைத்ததே அவர்தான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. எனக்குப் பெண் கொடுத்த மாமனார்கூட இப்படி விசாரித்ததில்லை.

வில்லங்கம் கிளப் பிரசிடெண்டு ரூபத்தில் வந்தது. பெரிய மாந்தோப்புக்காரர். கை தண்ணீராக வேர்க்கும். தோற்றால் கோலைத் தரையில் அறைவார். போதாக்குறைக்கு, கூடவே வருகிற அவருடைய வெள்ளை நாய்க்கு வச்சிரப் பசை என்றால் உயிர். இரண்டு தடவை ஒட்டை நக்கியே பிரித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் கிளப்போடு மேட்ச் இருந்த வாரம் பார்த்து, கோல் மூன்றாவது தடவையாகப் பிரிந்தது.

"ஏலே, மேட்ச்சுல கோல் பிரிஞ்சுதோ, மறுநா இந்தப் பக்கம் காலு வைக்கப்படாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார் பிரசிடெண்டு. வச்சிரத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பில்லியர்ட்ஸ் மார்க்கரை வைத்துக்கொண்டு வேறு யார் என்ன செய்வார்கள்? இந்த வேலை போனால் அவருக்குப் போக்கிடமே கிடையாது.

"மூணு தோசமும் சேந்த சாதகம்" என்று முணுமுணுத்தபடி இரண்டு நாள் யோசித்தார். பிறகு பாலைத் திரியவைத்து வடிகட்டி, அந்தத் திரட்டில் ஆலங்குளம் சுண்ணாம்பைக் குழைத்து ஒட்டினார். "இவுகளுக்குப் பால்தான் தாங்கும். வேர்வை ஒண்ணும் செய்யாது. நாயும் சுண்ணாம்ப மோந்துட்டுப் போயிரும். மேட்ச் வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது" என்றார்.

பால்! பாலை நம்பி மனுஷர் பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறாரே! மேட்ச் அன்று அவர் குளிக்கப் போயிருந்த சமயம், நூலுக்குக் கஞ்சி போடுகிற புளியங்கொட்டைப் பசையை மில்லிலிருந்து கொண்டுபோய் ஒட்டின்மேல் நன்றாக இழுகிவிட்டு வந்தேன். ஊரிலேயே நான் ஒருவன்தான் புத்திசாலி என்று நினைப்பு.

பிரசிடெண்டு பிடிக்கிற இடத்தில்தான் அந்த ஒட்டு. சாயந்திரம் ஆட்டம் சூடுபிடிக்கப் பிடிக்க அவர் கை வேர்த்துக்கொண்டே போயிற்று. கடைசி அடி. தவறவிட்டார். பந்து எங்கே போயிற்றென்று நாங்கள் பார்க்கவில்லை, எல்லோர் கண்ணும் ஒட்டின்மேல். கோலை ஓங்கித் தரையில் அறைந்தார். பிரியவில்லை. இன்னொரு அறை. தரைக்கல்தான் விரிசல் விட்டது. ஆத்திரம் தாங்காமல் கோலைச் சுழற்றி வீசினார். கோல் போகவில்லை. அவர்தான் கோலோடு ஒரு சுற்றுச் சுற்றிச் சோபாவில் விழுந்தார். உள்ளங்கை கோலோடு ஒட்டிப்போயிருந்தது! ஜெயித்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் கைகுலுக்க வந்து, எதைக் குலுக்குவதென்று தெரியாமல் கோலின் நுனியைக் குலுக்கிவிட்டுப் போனார்.

வச்சிரம் வெந்நீரும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பூச்சாகக் கரைத்து மோந்து பார்த்தார்.

"இது பிசின். பஞ்சுப் பொதிக்குச் சீட்டு ஒட்டுதது. யாவாரி அய்யா."

பஞ்சு வியாபாரி முகட்டைப் பார்த்தார்.

"இது தபால் அரக்கு. வக்கீலய்யா. இது புண்ணு வாய ஒட்டுத பசை. டாக்டரய்யா, நீங்களுமா?" மறுபடி மோந்தார். "புளியங்கொட்டை." என்னை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஒருவருக்கொருவர் தெரியாமல் நாலு பேரும் பூசியிருக்கிறோம்! எல்லாம் கரைந்த பிறகு, அடியில் பால் ஒட்டு மயிரிழை பிசகாமல் இருந்தது. பிரசிடெண்டு சிவந்துபோன உள்ளங்கையை ஊதிக்கொண்டே, "கோல் பிரியலல்லா? நாளைக்கி வந்து தொலை" என்று சொல்லிவிட்டு நாயோடு புறப்பட்டார்.

அவர் தலை மறைந்ததும் வச்சிரம் எங்கள் பக்கம் திரும்பினார். "படிச்சவியதான எல்லாரும்? ஒருத்தருக்காவது பசை வைக்கத் தெரியுதா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கப்படாதா?" என்றார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வெந்நீர்ச் சட்டியோடு உள்ளே போனார்.

எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. நாளைக்கும் வந்து அவர் எங்களைத் திட்டுவார்.