டிஹோமிர் பிராய்ஷா மணல் கழுவிய கதை

ரியேகா துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற டிஹோமிர் பிராய்ஷா, வீட்டில் உட்கார்ந்த பதினோராம் நாள் ஒரு சபதம் எடுத்தார். வியாழக்கிழமைப் பாட்டை ஒழித்துக் கட்டுவது!

வியாழன்தோறும் மாலை நாலு மணிக்கு அவர் மனைவி நெவென்காவின் பாட்டுக் குழு முன்னறையில் கூடும். அவளையும் சேர்த்து ஏழு பெண்கள். வேலையில் இருந்த காலத்தில் அந்த நேரம் அவர் முப்பது மீட்டர் உயரத்தில், காற்றோடு இருந்தார். இப்போது தரையில், கதவுக்கு இந்தப் பக்கம். கீழ்வீட்டு டோப்ரிலா உச்சஸ்தாயியைப் பிடித்தால் அலமாரியில் இருக்கிற கண்ணாடிக் கோப்பைகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடும்.

'பாடாதே' என்று சொல்லத் தைரியமில்லை. அதனால் மூளையைப் பயன்படுத்தினார்.

"நெவென்கா, முன்னறையில ஒரு கடல்மீன் தொட்டி வைக்கப் போறேன்."

"வையுங்களேன்."

இவ்வளவு சுலபமாகவா? அவர் மெல்ல அடுத்த காயை நகர்த்தினார். "ஆனா மீனுக்குச் சத்தமே ஆகாது. அதிர்ச்சியில செத்தே போயிடும்."

"ஐயோ பாவம், வாயில்லாத ஜீவன்."

"அப்ப வியாழக்கிழமை..."

"முதல்ல தொட்டிக்குள்ள மீன் வரட்டும். ஒரே ஒரு நிபந்தனை. மணலும் மீனும் நான் சொல்றதுதான்."

டிஹோமிர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். கப்பல் கப்பலாக மணல் இறக்கியவரிடம் மணலைப் பற்றிப் பேசுகிறாள்! அவள் மீன் மார்க்கெட்டில் முப்பது வருஷம் கடை போட்டவள் என்பது அந்த நேரம் அவர் நினைவுக்கு வரவில்லை.

ரியேகா கடற்கரை முழுக்கக் கூழாங்கல். எனவே படகேறி சூசாக் தீவுக்குப் போய், ஒரு பை நிறைய மாவு போன்ற மணலோடு வெற்றி வீரராகத் திரும்பினார். நெவென்கா ஒரு பிடி எடுத்துக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டாள். தண்ணீர் பால்காபி ஆனது. மறுநாளும் பால்காபிதான்.

"என்னடி இது, கரையுது?"

"கரையில எடுத்தது கரையத்தான் செய்யும். இவ்வளவு பொடியா இருந்தா மீன் ஒரு தடவை வாலை ஆட்டினாலே தொட்டி கலங்கிடும்."

அடுத்து, பழைய சிநேகிதர் ஒருவர் வீடு கட்டுகிற இடத்திலிருந்து அரை மூட்டை வந்தது. நெவென்கா அதைத் தட்டில் பரப்பி, சாலட்டுக்கு ஊற்றுகிற வினிகரை நாலு சொட்டு விட்டாள். காதை அருகில் கொண்டுபோனாள்.

"பேச மாட்டேங்குது."

"மணல் எங்கயாவது பேசுமா?"

"கடல் மணல் பேசும். சிப்பியும் பவளமும் உடைஞ்சு வந்தது அது. வினிகர் பட்டா புஸ்ஸுனு நுரைக்கும். அந்தச் சுண்ணாம்புதான் தண்ணி புளிச்சுப் போகாம பாத்துக்கும். இது வெறும் கல்லு, ஓரமெல்லாம் கத்தி மாதிரி இருக்கு. மீன் என்ன, மாடி கட்டவா போகுது?"

"மணல்ல கை வைக்க மணந்தவகிட்ட இவ்வளவு பாடம் கேக்கணுமா!"

"கேட்டிருந்தா ரெண்டு நடை மிச்சம்."

மூன்றாவதாக, அவள் சொன்ன கடையில், அவள் சொன்ன பவள மணல். வினிகர் விட்டதும் சின்னச் சிரிப்புப் போல நுரைத்தது. நெவென்கா பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.

டிஹோமிர் சும்மாதான் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

அது மணலே இல்லை. ஒவ்வொரு துகளும் ஏதோ ஒரு உயிர் விட்டுப்போன வீடு. கடுகில் பாதி அளவுக்கு ஒரு சங்கு, அதற்குள்ளே ஏறிப்போகும் சுழல் படி. ரோஜா நிறத்தில் ஒரு முறிந்த முள். ஊசி முனையால் துளைத்தது போல வரிசையாய்த் துவாரங்கள் போட்ட ஒரு தட்டு. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. இதை எத்தனை லட்சம் டன் தூக்கியிருப்போம், ஒரு துகளையாவது பார்த்தோமா என்று நினைத்தபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"நெவென்கா... இதெல்லாம் யாரு செஞ்சது?"

"அதுங்களேதான். முதல்ல கழுவுங்க."

கழுவுவது என்றால் அப்படி இப்படிக் கழுவுவதல்ல. பக்கெட் தண்ணீருக்கு அடியில் தம்ளரைக் கவிழ்த்து வைத்து அதன் அடியில் பொறித்த எழுத்தை மேலிருந்து படிக்க முடியவேண்டும் என்றாள். பால்கனியில் குந்தி, கை விட்டுக் கிளறி, வெள்ளைத் தண்ணீரைச் சாய்த்து, மறுபடி ஊற்றி, மறுபடி கிளறி... பதினேழாவது பக்கெட்டில் கீழேயிருந்து உச்சஸ்தாயி கிளம்பியது.

"பிராய்ஷா! காயப்போட்ட என் போர்வையெல்லாம் வெள்ளையா போச்சு!"

"வெள்ளைப் போர்வைதானே டோப்ரிலா!"

"நீலம்யா! காலையில வரைக்கும் நீலம்!"

நாற்பத்தொன்றாவது பக்கெட்டில் எழுத்து தெரிந்தது. தொட்டியில் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, நடுவில் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் உப்புத் தண்ணீரை மெல்ல ஊற்றினார். அப்படியும் இரண்டு நாள் மூட்டம். மூன்றாம் நாள் காலை, ஜன்னல் வெளிச்சத்தில், தொட்டிக்குள் ஒரு சின்னக் கடல் மூச்சு விடாமல் நின்றது. மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேற இன்னும் ஆறு வாரம் என்றாள் நெவென்கா. அந்த ஆறு வியாழனும் பாட்டு நடந்தது. கேட்டால், 'தொட்டியிலதான் மீன் இல்லையே!' என்பாள்.

ஏழாவது வியாழன் காலை, மார்க்கெட்டில் பழகிய மீனவர் ஒருவரிடமிருந்து விரல் நீளத்துக்கு ஒரு மீனை வாங்கி வந்தாள். பச்சை உடம்பு, பக்கத்தில் தீக்கோடு போல ஒரு ஆரஞ்சுப் பட்டை. டிஹோமிர் மத்தியானச் சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு ஏழு பெண்களும் தொட்டியைச் சுற்றி வாயடைத்து நின்றார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே அவர் நினைத்தார்.

"சரி, ஆரம்பிப்போமா?" என்றாள் நெவென்கா.

டோப்ரிலா மூச்சை இழுத்தாள். முதல் ஸ்வரம் கிளம்பிய கணத்தில் மீன் தலைகுப்புறப் பாய்ந்து மணலுக்குள் மறைந்தது. ஒரு துளி கலங்கலில்லை. குழியில்லை. மீன் ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. டிஹோமிர் கண்ணாடியில் மூக்குப் பதிய மணலைத் துழாவிப் பார்த்தார். பிறகுதான் திட்டம் ஞாபகம் வந்தது.

"பாத்தியா, பாத்தியா! பயந்துடுச்சு! நிறுத்துங்க!"

"அது தினம் தூங்கறதே மணலுக்குள்ளதாங்க. மேல சத்தம்னா உள்ள போய்ப் படுத்துக்கும். தோணறப்ப எழுந்து வரும். அதுக்குத்தானே மெத்தை மாதிரி மணலா பாத்து வாங்கச் சொன்னேன்."

"அப்ப... முதல்லயே தெரியுமா உனக்கு?"

"மீன் எங்க ஒளியணும்னு நான் யோசிச்சுட்டேன். நீங்க எங்க ஒளியணும்னு நீங்க யோசிக்கலையே!"

ஒளிய அந்த வீட்டில் அடுப்படி ஒன்றுதான் இருந்தது. அங்கே போனதற்கு ஏழு பேருக்குக் காபி போட வேண்டியதாயிற்று.